வீட்டில் யாருக்காவது

எவாஞ்சலின் அக்கா கூட வராமல் அந்தத் தமிழ்க் கிறிஸ்தவச் சபையில் யாரும் ஆஸ்பத்திரிப் படி ஏறியதில்லை. ஏறினாலும் வைத்தியம் பலிக்காது என்று ஒரு எண்ணம். டெல்லியில் பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள். அந்தக் கட்டடத்தின் பின்வாசல், அங்கே நிற்கிற காவல்காரனின் பெண்டாட்டி பெயர், எந்த டாக்டர் எந்தக் கிழமையில் முகம் கொடுத்துப் பேசுவார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். விடியுமுன்பே வந்து சீட்டுக்கு வரிசையில் நிற்கிற பீகார்க் கூட்டத்தையும் மீரட் கூட்டத்தையும் பிளந்துகொண்டு, "ஹட்டோ பையா, ஸ்டாஃப், ஸ்டாஃப்" என்றபடி அவள் நடந்தால் வழி தானாக விடும். அவள் பின்னால் பம்மிப் பம்மி நம்முடைய திருநெல்வேலி ஜனம் போகும்.

அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சபையில் கல்யாணம் பேசி முடிப்பது அவள்தான். பரிதாபாத்தில் ஒரு பையன், திலக் நகரில் ஒரு பெண், நாசரேத்தில் ஒரு சொத்துக்காரக் குடும்பம் என்று எல்லாம் அவள் நாக்கு நுனியில் இருக்கும். நோயைக் கேட்கிற காதும் வரன் பேசுகிற வாயும் ஒரே முகத்தில் இருப்பதில் உள்ள கோளாறு அதுவரை யாருக்கும் உறைக்கவில்லை. ஜெபக்கனிக்கு உறைத்தது. உறைக்கக்கூடாத இடத்தில் உறைத்தது.

ஜெபக்கனி சரோஜினி நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தாள். கணவன் சத்தியசீலன் ஒரு அமைச்சகத்தில் கிளார்க்காக இருந்து, வேலையில் இருக்கும்போதே செத்துப்போனான். கருணை அடிப்படையில் அவளுக்குக் கடைநிலை வேலை கொடுத்தார்கள். ஃபைல் தூக்குவது, கூஜாவில் தண்ணீர் நிரப்புவது, மீட்டிங் நாளில் தட்டுகளில் முந்திரியும் பிஸ்கட்டும் பரத்துவது. மீட்டிங் முடிந்ததும் மிச்ச முந்திரியை மற்ற பியூன்கள் பையில் போட்டுக்கொள்வார்கள். இவள் தொடமாட்டாள். நல்ல குடும்பத்துப் பொம்பளை என்ற பெயரைக் காப்பாற்றுவதற்கே பிறந்தவள் அவள். அந்தப் பெயருக்காக எதை வேண்டுமானாலும் விழுங்கிக்கொள்வாள்.

காலனியைப் பாதிக்கு மேல் இடித்துவிட்டிருந்தார்கள். பழைய மஞ்சள் பிளாக்குகள் இருந்த இடத்தில் தகரத் தட்டி அடைத்து, உள்ளே புல்டோசர் நாள் முழுவதும் உறுமியது. இவர்கள் பிளாக்குக்கு இன்னும் நோட்டீஸ் வரவில்லை. துவைத்த துணியைக் காயப்போட்டால் அரைமணியில் செம்மண் நிறமாகிவிடும். வாசலில் ஈரச்சாக்கு போட்டிருப்பாள். தூசி அதையும் தாண்டி அரிசி டப்பாவரை வரும்.

மகள் பெனிட்டாவுக்கு மூட்டுவாதம் வந்தது, காலேஜ் முடித்து நேரு பிளேஸில் ஒரு கம்பெனியில் டேட்டா என்ட்ரிக்குச் சேர்ந்த புதிதில். விரல் கணுக்கள் முதலில் வீங்கின. பிறகு மணிக்கட்டு, முழங்கால், பாதம். நம் உடம்பே நம் மூட்டுகளை எதிரி என்று நினைத்து அடிக்கிற நோய் என்று டாக்டர் சொன்னார். இரண்டு வருஷம் மாத்திரைகள் தின்றாள். ஸ்டீராய்டில் முகம் ஊதி, கண் சிறுத்துப்போனது. வேலை போயிற்று.

டெல்லிக் குளிர் அந்த நோய்க்குக் கொண்டாட்டமான காலம். ஜனவரியில் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் தெரியாத பனிமூட்டத்தில் ஜெபக்கனி எழுந்து, வாளித் தண்ணீரில் கரண்ட் ராடு போட்டுச் சூடேற்றி, மகளின் இரண்டு கைகளையும் முக்கிவைப்பாள். விரல்கள் ஒவ்வொன்றாக இளகி நிமிரும்வரை பக்கத்தில் குந்தி உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். அப்புறம் பல் தேய்த்துவிட வேண்டும், கக்கூஸில் உட்காரவைக்க வேண்டும், கொக்கி மாட்டிவிட வேண்டும், தலை பின்ன வேண்டும். ஸ்பூன் காம்பில் பழைய துணியைச் சுற்றிப் பெருக்கி வைத்திருந்தாள். மெல்லிய காம்பை மகளின் கை பிடிக்காது.

"மெதுவா மம்மி. தர்த் ஆகுது, வலிக்குது."

"மெதுவாத்தான் இழுக்கேன். சிக்கு கெடக்கு."

"கட் பண்ணிடு. பாய் கட் பண்ணிக்கறேன்."

"முடிய வெட்டிட்டு நாளைக்கு யாரு முன்னால போயி நிப்ப? பொண்ணு பாக்க வந்தாவன்னா?"

"யார் வருவா மம்மி? ஸ்பூன் பிடிக்க முடியாத பொண்ணைப் பாக்க எவன் வருவான், சொல்லு."

ஜெபக்கனி சீப்பை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். புளிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதைக் கிண்டுகிற சாக்கில் அழுதாள். பிறகு டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டு ஆபீசுக்கு ஓடினாள்.

அந்த மாதக் கடைசியில் டாக்டர் மாதுரி புது மருந்தைச் சொன்னார். மூட்டு நோய்ப் பிரிவில் அவர்தான் பெரியவர். நாற்பது வயதுக்காரி, அலகாபாத் பக்கம். எவாஞ்சலின் வழக்கம்போல் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போய், தாயையும் மகளையும் பெஞ்சில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் இந்தியில் நிதானமாகச் சொன்னார். இது மாத்திரை மாதிரி ரசாயனம் அல்ல. ஆலையில் உயிரணுக்களை வளர்த்து அதிலிருந்து எடுக்கிற ஆன்டிபாடி. அத்தனையும் ஒரே வகை, உடம்புக்குள் போய் ஒரே ஒரு பொருளைத்தான் தேடிப் பிடிக்கும். மூட்டில் சண்டை மூட்டிவிடுகிறது அந்தப் பொருள். அதன் கையைக் கட்டிவிட்டால் வீக்கம் அடங்கும். அரசாங்க மருத்துவத் திட்டத்திலேயே கிடைக்கும்.

"ஆனால் அந்தப் பொருளுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது, மாதாஜி" என்றார் டாக்டர். "டி.பி. கிருமி உடம்பில் எங்காவது தூங்கிக்கொண்டிருந்தால், அது எழுந்து வராமல் சுற்றி நின்று காக்கிற சௌக்கிதாரும் அதுதான். சௌக்கிதார் கையைக் கட்டுகிறோம். உள்ளே திருடன் இருக்கிறானா என்று முன்னாலேயே தெரிய வேண்டும்."

எவாஞ்சலின் அதைத் தமிழில் ஒருமுறை சொன்னாள். ஜெபக்கனிக்கு இந்தி போதுமான அளவு வரும். இருந்தாலும் எவாஞ்சலின் சொல்லிக் கேட்டால்தான் சொன்னதாகக் கணக்கு.

"எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது. தோல் டெஸ்ட், ரத்த டெஸ்ட் இரண்டும் நெகட்டிவ். ஆனால் ஸ்டீராய்டு சாப்பிடுகிற உடம்பில் டெஸ்ட்டை முழுசாக நம்ப முடியாது. அதனால் உங்களைக் கேட்கிறேன். வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா? இருந்தாலும் பயம் இல்லை. அதற்கு ஒரு மாத்திரை இருக்கிறது. ஒரு மாதம் அதைக் கொடுத்துவிட்டுத்தான் இதை ஆரம்பிப்பேன், அவ்வளவே."

"இல்லை மேடம். டாடிக்கு ஆஸ்துமா இருந்தது" என்றாள் பெனிட்டா. அவள் அறிந்ததை அவள் சொன்னாள்.

டாக்டர் ஜெபக்கனியைப் பார்த்தார். "மாதாஜி?"

ஜெபக்கனி பக்கவாட்டில் எவாஞ்சலினைப் பார்த்தாள். அவள் எக்ஸ்ரே கவரின் மூலையை நகத்தால் நீவிக்கொண்டிருந்தாள்.

"நஹீன் ஜி" என்றாள் ஜெபக்கனி. "கிஸி கோ நஹீன்." யாருக்கும் இல்லை.

டாக்டர் கடைசியாக எவாஞ்சலின் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், உங்களுக்கு இவர்களை வெகுநாளாகத் தெரியுமே?"

"நல்ல குடும்பம், டாக்டர் சாப்" என்றாள் எவாஞ்சலின்.

டாக்டர் சிரித்துவிட்டு மருந்து எழுதினார்.

சத்தியசீலனுக்கு வந்தது ஆஸ்துமா இல்லை. ரத்தமாகத் துப்பினான். காலனி டிஸ்பென்சரியில் காட்டினால் வரிசையில் நாலு தமிழ்க் குடும்பம் நிற்கும் என்று, ஜெபக்கனி அவனை ஊருக்குத் தெற்கே இரண்டு பஸ் மாறிப் போகிற ஒரு நெஞ்சாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கொஞ்சம் தேறியதும் மாத்திரையை அவன் விட்டான். திரும்ப வந்தபோது நோய் அவனை விடவில்லை. சிறு பிள்ளையான பெனிட்டா அப்பாவின் கைக்குள்தான் தூங்குவாள். கடைசியில்தான் அவளைச் சாத்தான்குளத்தில் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பினாள். கேட்டவர்களுக்கெல்லாம் ஆஸ்துமா, டெல்லிக் காற்று ஆகவில்லை என்றாள். காதோடு காது வைத்தாற்போல் ஒரு சாவையே மூடிவிட்டதாக அவளுக்கு உள்ளூர ஒரு பெருமைகூட உண்டு.

அப்படி மூடியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவள் பெரியக்காளுக்கு நிச்சயம் ஆகியிருந்த இடம், ஜெபக்கனியின் அப்பா இருமிய கைக்குட்டையில் சிவப்பைப் பார்த்த அன்றே கை கழுவிற்று. சயரோகக் குடும்பம் என்று ஊரே சொல்லிற்று. பெரியக்காள் கல்யாணம் இல்லாமலே நரைத்தாள். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து எக்ஸ்ரே கவரை நீவுகிறவள்தான் நாளைக்கு பெனிட்டாவுக்கு மாப்பிள்ளை கொண்டுவரப் போகிறவள். அவள் காதில் அந்த இரண்டெழுத்து விழலாமா? ஒரு தாயின் கணக்கு இப்படிப் போயிற்று. டெஸ்ட்தான் நெகட்டிவாக வந்துவிட்டதே என்று அதற்கு ஒரு முட்டும் கொடுத்துக்கொண்டாள்.

மருந்து ஏற்றுகிற கூடத்தில் சாய்வு நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. பெனிட்டாவுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு சர்தார்ஜி. அவருக்கு ரத்தப் புற்று, அவருக்கும் ஆன்டிபாடிதான், ஆனால் வேறு ஒன்று. "உன் மருந்தும் என் மருந்தும் ஒரே குடும்பம், மகளே" என்று சிரித்து, வேர்க்கடலையை உரித்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவளால் உரிக்க முடியாது என்பதைப் பார்த்துவிட்டிருந்தார்.

மருந்து கேட்டது. அதை மறுக்க முடியாது. இரண்டாவது தடவை ஏற்றிவிட்டு வந்த வாரத்தில், ஒரு காலை ஜெபக்கனி ராடைச் சொருகிவிட்டுக் கூப்பிட்டாள். பதில் இல்லை. போய்ப் பார்த்தால் பெனிட்டா கண்ணாடி முன்னால் நின்று தன் தலையைத் தானே பின்னிக்கொண்டிருந்தாள். பின்னல் கோணலாக இருந்தது. ஜெபக்கனி வாசற்படியைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன மம்மி? சக்கர் வருதா, தலை சுத்துதா?"

"ஒண்ணுமில்லட்டி. நீ பின்னு. முழுசா பின்னு, நான் பாக்கேன்."

ஏப்ரலில் பெனிட்டா சப்பாத்தி தேய்த்தாள், பஸ் ஏறினாள், பழைய கம்பெனியில் திரும்பவும் எடுத்துக்கொண்டார்கள். மாத்திரைகள் குறைந்து முகம் வடிந்து, பழைய தாடை எலும்பு தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை சபையில் எல்லோரும் அவள் கையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள். எவாஞ்சலின் கையோடு வரனையும் கொண்டுவந்தாள். பையன் பெயர் ஆல்பர்ட். குர்கானில் ஒரு ஹோட்டலில் ஏசி பிளான்ட் பார்க்கிறான். குடி கிடையாது. அம்மா பாப்பம்மாள் மட்டும்தான்.

பாப்பம்மாள் பெண் பார்க்க வந்த அன்று ஜெபக்கனி ஐஎன்ஏ மார்க்கெட்டில் வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். பாப்பம்மாள் பெனிட்டாவின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"வெரலு நல்லாத்தான இருக்கு. எவாஞ்சலின் அக்கா எல்லாம் சொன்னாவ. மூட்டு வலி, ஊசி போடுதது, எல்லாம். எங்களுக்கு ஒண்ணும் இல்ல மைனி. இந்தக் காலத்துல எதுக்குத்தான் மருந்து இல்ல? வேற எதுன்னாலும் சொல்லுங்க, பேசிக்கிடலாம்."

தூண்டில் போடுகிறாள் என்று ஜெபக்கனி நினைத்துவிட்டாள்.

"வேற என்ன இருக்கு மைனி? ஒண்ணும் இல்ல" என்றாள். "குழம்பு இன்னும் ரெண்டு கரண்டி ஊத்திக்கிடுங்க."

பாப்பம்மாள் எவாஞ்சலினைப் பார்த்தாள். எவாஞ்சலின் மீன் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தாள். கல்யாணத்தை ஜூனில் வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று.

காய்ச்சல் மே மாதத்தில் வந்தது. காலையில் நன்றாக இருப்பாள். ஆபீஸ் விட்டு வந்து சாய்ந்தால் உடம்பு கணகணவென்று கிடக்கும். வேர்த்து வேர்த்து உடுப்பு நனையும். லேசாக ஒரு வறட்டு இருமல். காலனியில் யாருக்குத்தான் இருமல் இல்லை, இடிக்கிற தூசி என்றார்கள். கல்யாண பிளவுஸுக்கு அளவு கொடுத்து வாங்கிவந்தால் தோளில் தொளதொளவென்று நின்றது. தையல்காரர் பிடித்துக் கொடுத்தார். அடுத்த வாரமே அதுவும் தொளதொளத்தது.

ஞாயிற்றுக்கிழமை முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். சபைப் போதகரான ஐயர் பீடத்தில் நின்று, இன்னார் மகன் ஆல்பர்ட்டுக்கும் இன்னார் மகள் பெனிட்டாவுக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, இதற்குத் தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்டார். சபை பேசாமல் இருந்தது. ஜெபக்கனி முக்காட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஊசிக்கு முந்தின சாயங்காலம் அடுப்படியில் பெனிட்டா கேட்டாள்.

"மம்மி, டாக்டர்கிட்ட பொக்கார் இருக்குன்னு சொல்லிடலாமா? ஃபீவர் இருந்தா வரக்கூடாதுன்னு போர்டுல எழுதியிருக்காங்க."

"சொன்னா என்ன செய்வாவ? ஊசிய நிறுத்துவாவ. நிறுத்துனா?"

பெனிட்டா தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

"மோதிரம் போடணும்லா ஒனக்கு. ஐயர் முன்னால வெரல நீட்டணும். மடங்கிப் போயி நின்னா என்ன செய்வ? கல்யாணம் முடியட்டும். மக்காநாள் நானே கூட்டிட்டுப் போறேன். வெயில் காச்சல்தான், கருப்பட்டி போட்டு சுக்கு வச்சித் தாரேன்."

"வெயில்தானா மம்மி?"

"வெயில்தான். நான் பொய்யா சொல்லுதேன்?"

அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள். அவளுக்கும் அந்த விரல்கள் வேண்டும்.

மறுநாள் வாசலிலேயே ஒரு பாரசிட்டமால் மாத்திரையை விழுங்கவைத்து ஆட்டோவில் ஏற்றினாள். எவாஞ்சலின் பாதியில் ஏறிக்கொண்டாள். உட்கார்ந்ததும் பழைய நர்ஸ் பழக்கம், பெனிட்டாவின் கழுத்தோரம் புறங்கையை வைத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"வெயிலு ஜாஸ்தி" என்று சொல்லி எவாஞ்சலின் கையை எடுத்துக்கொண்டு, கல்யாணச் சாப்பாட்டுக்கு யாரிடம் சொல்வது என்று பேச ஆரம்பித்தாள்.

ஊசிக் கூடத்தில் தெர்மாமீட்டர் ஒன்றும் காட்டவில்லை. காய்ச்சல், இருமல் உண்டா என்று அங்கிருந்த நர்ஸ் கேட்டாள். பெனிட்டா அம்மாவைப் பார்த்தாள். "நஹீன் சிஸ்டர்" என்றாள் ஜெபக்கனி. மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. சர்தார்ஜியின் நாற்காலியில் வேறு யாரோ இருந்தார்கள்.

தலைவலி அதற்குப் பிறகு ஆரம்பித்தது. இரண்டாவது ஓலைக்குப் பெனிட்டா சபைக்கு வரவில்லை. மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள் பகலில், வாந்தி எடுத்தபடி எழுந்து வந்தவள், ஒரு தம்ளரை எடுக்கக் கையை நீட்டி, அதற்கு இந்தப் பக்கம் காற்றைப் பிடித்தாள். "மம்மி, ரெண்டு தெரியுது" என்றாள். பிறகு கழுத்து விறைத்து விழுந்தாள். மாடி வீட்டு பஞ்சாபிக்காரர்தான் தூக்கிக் காரில் போட்டார்.

எவாஞ்சலின் போன் போட்டு டாக்டர் மாதுரியை அவசரப் பிரிவுக்கே வரவழைத்தாள். டாக்டர் பெனிட்டாவின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். முதுகில் ஊசி குத்தி நீர் எடுக்கச் சொன்னார். பிறகு ஜெபக்கனியிடம் திரும்பினார். பழைய நிதானம் குரலில் இல்லை.

"கடைசித் தடவையாகக் கேட்கிறேன். வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா?"

எவாஞ்சலின் அப்போது ஸ்கேன் சீட்டுக்காகக் கவுண்டருக்குப் போயிருந்தாள். ஜெபக்கனி அவள் போன திசையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். மகள் நினைவில்லாமல் கிடக்கிற நேரத்திலும் அதைப் பார்த்துக்கொண்டாள். அதற்கப்புறம்தான் சொன்னாள்.

"மேரே ஆத்மி கோ தா." என் வீட்டுக்காரருக்கு இருந்தது.

"எப்போது?"

"இவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது. செத்துப்போனார்."

"இவள் அவர்கூட இருந்தாளா?"

"அவர் பக்கத்தில்தான் படுப்பாள்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஜெபக்கனிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நான் அன்றைக்கு ஒரு மாதம்தான் கேட்டேன், மாதாஜி" என்று சொல்லிவிட்டு மருந்து எழுதப் போனார்.

கிருமி மூளை உறைவரைக்கும் போயிருந்தது. பெனிட்டா சாகவில்லை. மழைக்காலம் முழுவதும் ஆஸ்பத்திரியில் கிடந்து, நினைவு தெளிந்து, பேச்சு திரும்பி, சோறு தின்கிற நிலைக்கு வந்தாள். பார்வை வரவில்லை. கண்ணுக்குப் போகிற நரம்பு கெட்டுவிட்டது, இனி வராது என்று சொல்லிவிட்டார்கள். ஆன்டிபாடி ஊசியை இனிமேல் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அதை நிறுத்தியதும் மூட்டுகளில் வீக்கம் பழையபடி வந்து உட்கார்ந்தது. குருட்டுப் பிள்ளைக்குத் தடவிப் பார்க்கவாவது விரல் வேண்டுமே. அதுவும் மடங்கிற்று. பாப்பம்மாள் ஒருதடவை வந்து, தலைமாட்டில் ஆரஞ்சுப் பழங்களை வைத்து, ஜெபம் பண்ணிவிட்டுப் போனாள். பிறகு கல்யாணத்தை நிறுத்திக்கொள்வதாக எவாஞ்சலின் மூலம் சொல்லியனுப்பினாள்.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம், பார்வையாளர் நேரத்தில் எவாஞ்சலின் டிபன் கேரியரோடு வந்தாள். வெளியே மழை விட்டுப் புழுங்கியது. வார்டில் மின்விசிறி சூட்டைத்தான் கிளறியது. பெனிட்டா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஜெபக்கனி கட்டில் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். ஆபீசில் சம்பளமில்லாத லீவு. தலை வாரி எத்தனை நாளோ.

"சாப்பிடுட்டி. வெண்டைக்கா பொரியலும் ரசமும் வச்சிருக்கேன்."

"எறங்காதுக்கா."

"நீ படுத்துட்டா இவள யாரு பாப்பா? வாயத் தொற."

ஜெபக்கனி ஒரு கவளம் வாங்கிக்கொண்டாள். மென்றபடியே அழ ஆரம்பித்தாள். அடக்கி வைத்திருந்தது அதற்கு மேல் நிற்கவில்லை.

"அக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் பாவி. பெனிட்டா அப்பாவுக்கு ஆஸ்துமா இல்லக்கா."

எவாஞ்சலின் ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"டி.பி.தான? சத்தியசீலனே சொன்னாரு. ஆம்பளைய ஜெபக்கூட்டத்துல எந்திச்சி நின்னு, எனக்கு இப்பிடி இருக்கு, எனக்காக ஜெபிச்சுக்கிடுங்கன்னு கேட்டாராம். ஜெபக்கனி மறைச்சி வச்சிருக்கா, ஒங்களுக்குத் தெரியும்னு தெரிஞ்சா ஒடஞ்சிருவா, யாரும் அவகிட்ட கேட்டுராதியன்னும் சொல்லிருக்காரு. சபையே உபவாசம் இருந்து ஜெபிச்சோம்ட்டி. இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர் ஒன் முன்னால வாயத் தொறந்துருப்பாவளா?"

ஜெபக்கனி வாயில் இருந்த சோற்றை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

"ஆல்பர்ட் வீட்டுக்கு?"

"நாந்தான் சொன்னேன். வரன் பேசுத எடத்துல மறைக்கக் கூடாதுல்லா. அதுக்கென்ன, செத்தவருக்கு இருந்தா பிள்ளைக்கு என்னன்னுட்டா பாப்பம்மா. நீயா சொல்லுவன்னுதான் அன்னைக்கு அவ கேட்டா. இப்பமும் அதுக்காக நிறுத்தல. கண்ணு போயிட்டுல்லா. அதுக்குத்தான்."

"டாக்டர் கேக்கும்போது நீங்களும் பக்கத்துலதான இருந்திய?"

"இருந்தேன்."

"ஏங்க்கா சொல்லல?"

எவாஞ்சலின் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"பெத்தவ நீ இல்லன்னு சொல்லுத. பக்கத்துல இருந்துக்கிட்டு நான் இருக்குன்னு சொன்னா ஒன்னப் பொய்க்காரின்னு சொன்ன மாதிரி ஆயிராதா? டெஸ்ட்டும் சரியா வந்துருந்துச்சு. ஒன் மானத்த நான் வாங்க வேண்டாம்னு இருந்துட்டேன்."

"ஆட்டோவுல கழுத்துல கை வச்சிப் பாத்தியளே. சுட்டுச்சா?"

"சுட்டுச்சு."

"ஆண்டவர்ட்ட அத்தன பேரும் சொல்லியிருக்கிய. டாக்டர்ட்ட ஒருத்தரும் சொல்லல."

"நீயும்தான் சொல்லல" என்றாள் எவாஞ்சலின்.

அதில் கோபம் இல்லை. உள்ளதைச் சொன்னாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ இந்தியில் தண்ணீர் கேட்டார்கள். ஜெபக்கனி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பம் யாருக்குத்தாங்க்கா தெரியாம இருந்துச்சு? நான் யாருக்கு மறைச்சேன்?"

எவாஞ்சலின் கேரியர் கிண்ணங்களை அடுக்கினாள். தூங்குகிறாள் என்று இருவரும் நினைத்திருந்த பெனிட்டா, சுவர்ப்பக்கம் பார்த்தபடியே சொன்னாள்.

"எனக்கு, மம்மி."